என் மகளுக்கு ஸ்வெத்லானா என்று பெயர் வைத்த கதை

1

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் கம்பனி ஒன்றின் குளிர் அறையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, ரொக்ஸ்பரோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தபால் பெட்டியைத் திறந்தேன். பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவில் நீளமான வெள்ளை உறை ஒன்று. மூலையில் கியூபெக் அரசாங்கத்தின் நீலச் சின்னம். பெயர் ஸ்வெத்லானா சிவபாலன். என் மகள்.

அவள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடம். வேர்டனில் சிநேகிதி ஒருத்தியோடு வாடகைக்கு இருக்கிறாள். கடிதங்களில் பாதி இன்னும் எங்களிடம்தான் வரும். வங்கிக் கடிதத்தையும் பல்கலைக்கழகக் கடிதத்தையும் நான் தொட்டதே இல்லை. ஆனால் அரசாங்கக் கடிதம் வேறு. அகதியாக வந்தவன் வீட்டில் அரசாங்க உறை யார் பெயருக்கு வந்தாலும் அது வீட்டுக்கே வந்ததுதான். அதை உடைக்காமல் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது. உடைத்தேன்.

முப்பது வருடம் இந்த நகரத்தில் இருந்தும் என் பிரெஞ்சு வணக்கத்துக்கும் நன்றிக்கும் மேலே ஏறவில்லை. போனில் படம் எடுத்துத் தமிழுக்கு மாற்றினேன். போன் பேசும் தமிழ் உங்களுக்குத் தெரியும், கல்லில் அரிசி பொறுக்குகிற மாதிரிப் பொருள் பொறுக்க வேண்டும். நாலு முறை வாசித்த பிறகு விளங்கியது. ஸ்வெத்லானா என்ற தன் முதற்பெயரைச் சுகந்தி என்று மாற்றும்படி என் மகள் விண்ணப்பித்திருக்கிறாள். விண்ணப்பம் கிடைத்தது. அறிவித்தல் இணையத்தளத்தில் வெளியாகும். ஆட்சேபணை உள்ளவர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கலாம்.

சொந்தப் பிள்ளை முதுகில் குத்தினாள் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அப்படித்தான் இருந்தது. நான் அவளுக்குக் கொடுத்தவற்றில் கடையில் வாங்காத ஒரே பொருள் அந்தப் பெயர். அதைத் தூக்கி எறியப் போகிறாள். அதைக்கூட அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

2

யாழ்ப்பாணத்துச் சிவபாலனின் மகளுக்கு எப்படி ஸ்வெத்லானா என்று பெயர் வந்தது என்று கேட்காத ஆள் மொன்ட்ரியாலில் இல்லை. அவளைப் பராமரிப்புக்குச் சேர்த்த கார்தெரியில் முதல் நாள் அங்கே வேலை செய்த பெண் பட்டியலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், மறுபடி பட்டியலைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று மஞ்சள் தலைமயிரோடு ஒரு பிள்ளையை எதிர்பார்த்திருக்கிறாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட கறுப்புப் பிள்ளை என் காலைக் கட்டிக்கொண்டு நின்றது.

கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டால் அதுவும் ஒரு கூத்து. ஸ்வெத்லானா, சதய நட்சத்திரம் என்று சொல்வேன். ஐயர் ஒரு கணம் கண்ணை மூடி அதைச் சமஸ்கிருதமாக்கி ஸ்வேதலானா என்று ராகம் போட்டு முடிப்பார். சாத்திரியார் குறித்துக் கொடுத்த எழுத்துகளில் சகரமும் இருந்தது, நானும் சகரத்தில்தானே வைத்திருக்கிறேன் என்று மாமனாரோடு போனில் வாதாடி வென்றவன் நான். அந்த அழைப்பில் என் மனைவி யோகேஸ்வரி பக்கத்தில் படுத்திருந்தாள், பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். இங்கே முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு வரைக்கும் பெயருக்குக் காத்திருக்க முடியாது, அதற்கு முன்பே பதிய வேண்டும். யோகேஸ்வரிக்கு ஏதாவது பெயர் மனதில் இருந்ததா என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

பிள்ளை வளர வளரக் கதையும் வளர்ந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டி முடிய யாராவது கேட்பார்கள், நானும் சொல்வேன். கனடாவுக்குக் கூட்டிப்போகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் எங்களை மொஸ்கோவில் விட்டுவிட்டு மறைந்தது, அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் ஒரே அறையில் பதினொரு பேர், சுவாசப்பையில் சளி கட்டி நான் சாகக் கிடந்தது, எதிர் வீட்டு ரஷ்யப் பெண் கதவைத் தட்டியது, சூப். சனம் உச்சுக் கொட்டும். சிலருக்குக் கண் கலங்கும். மகள் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் பெருமைதான் என்று நினைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது, ஒரு காலத்தில்.

நம்மவர்கள் நன்றி என்று வாயால் சொல்கிறவர்கள் அல்லர். சொன்னால் அந்நியமாகிவிடும். என் தம்பிக்கு வைத்த பெயர், அம்மாவைப் பிரசவத்தில் காப்பாற்றிய டாக்குத்தரின் பெயர். எங்கள் குடும்பத்தில் பெரிய உதவி செய்தவர்களுக்குக் கைமாறு அப்படித்தான். பிள்ளைக்குப் பெயரை வைத்தால் கணக்கு நேர். அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் எதிர்பார்ப்பதில்லை என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

3

கடிதத்தோடு குசினிக்குப் போனேன். யோகேஸ்வரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். உறையை வெட்டுப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வந்திட்டுதோ?" என்றாள், திரும்பாமல்.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர். படிவத்தை நிரப்பும்போது இவளும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து இதே மேசையில் வைத்து நிரப்பியிருக்கிறார்கள். மகள் செய்தது ஒரு அடி என்றால் இது இரண்டாவது. மகளாவது இந்த நாட்டில் பிறந்தவள், இந்த நாட்டுப் பிள்ளைகள் பதினெட்டு வயதில் பெற்றோரை மாற்றினாலும் மாற்றும். இவள் என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்டவள். மொன்ட்ரியால்-நோரில் கரப்பான்பூச்சி ஓடுகிற இரண்டு அறை வீட்டில் ஒன்பது வருடம் என்னோடு இருந்தவள்.

என்ன பெயர் இது, சுகந்தி, எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"பிள்ளை வந்து, அம்மா நீங்கள் எனக்கு என்ன பேர் வைக்க நினைச்சனீங்கள் எண்டு கேட்டவள். இருபத்தேழு வருசத்திலை ஒருத்தரும் என்னட்டை அதைக் கேக்கேல்லை."

ஆனாலும் விடவில்லை. அந்த மனுசி இல்லாவிட்டால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன், உமக்குப் புருசனும் இல்லை, இந்த வீடும் இல்லை என்றேன். எப்போதும் இந்த இடத்தில் அவள் அடங்கிப் போவாள். அன்று அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வருகிறாள், அவளோடு கதையுங்கோ என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தரிக்காயை எடுத்தாள். நான் அன்றிரவு சாப்பிடவில்லை. அவள் என்னைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள் விழாவில் சொல்கிற மாதிரி அல்ல.

அவர் பெயர் ஸ்வெத்லானா பாவ்லொவ்னா. பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கும் பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான மனுசி, தடித்த கண்ணாடி, ஒரு தங்கப் பல். புருசன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், என் ஆங்கிலத்தைவிட மோசமாக, அதனால் நாங்கள் நன்றாக விளங்கிக்கொண்டோம். எதிர் வீட்டில் இரவும் பகலும் யாரோ இருமுகிறார்கள் என்று வந்து பார்த்திருக்கிறார். அந்த நிலையில் என்னை அந்த அறையில் விட மனமில்லாமல் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஐந்து கிழமை அங்கே இருந்தேன். முதல் நாள் பீட்ரூட் சூப்பைக் கண்டு இரத்தம் என்று நினைத்து முகத்தைத் திருப்பினேன். கடுகு பூசிய தாள்களை வெந்நீரில் நனைத்து முதுகில் ஒட்டுவார். எரியும் பாருங்கள், உயிர் போகும். கடுகைத் தாளிக்க மட்டும் கண்ட எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

காய்ச்சல் விட்ட பிறகு பின்னேரங்களில் கதைப்போம். ஒரு நாள் உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். நம்மவர்கள் பெயர் கேட்டால் அடுத்து ஊர் கேட்பார்கள், நான் அர்த்தம் கேட்டேன். மனுசிக்குச் சந்தோசம். ஸ்வெத் என்றால் வெளிச்சம் என்றார். அதே சொல்லுக்கு உலகம் என்றும் பொருளாம். ஜன்னலைக் காட்டி இதுவும் ஸ்வெத், மேசை விளக்கைக் காட்டி இதுவும் ஸ்வெத் என்றார். எங்களிடமும் ஸ்வேதா என்று பெயர் இருக்கிறது, வெள்ளை என்று அர்த்தம் என்றேன். அப்படியானால் நாங்கள் எப்போதோ ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம் என்றார். மொழி படித்தவர்கள் அது உண்மைதான் என்கிறார்கள், இரண்டு சொல்லும் ஒரே வேராம். அதை என் மகள்தான் பின்னால் எனக்குச் சொன்னாள்.

அந்தப் பெயரில் இன்னொரு புதினம் உண்டு. ரஷ்யர்களின் பழைய பெயர்களில் முக்கால்வாசி கிரேக்கத்தில் இருந்து கோயில் வழியாக வந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் உண்டு. ஸ்வெத்லானாவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் புலவர்கள் கற்பனையில் இருந்து எடுத்த பெயர். கதைப்பாட்டில் வந்து சனத்துக்குப் பிடித்துப்போய் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பாதிரிமார் இந்தப் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். பிறகு கோயிலை மூடிய ஆட்சி வந்ததும், புனிதர் இல்லாத பெயர் என்பதே நல்லதாகிப் போய், தெருவுக்கு நாலு ஸ்வெத்லானா. இவரின் தாய் சோவியத் பதிவேட்டில் ஸ்வெத்லானா என்று எழுதிவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் பாதிரியாரிடம் கொண்டுபோய் ஃபோத்தினியா என்று ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார். அதுவும் கிரேக்கத்தில் வெளிச்சம்தான். சாமிக்கு ஒரு பெயர், அரசாங்கத்துக்கு ஒரு பெயர். இதைச் சொல்லி அவர் சிரித்தபோது தங்கப் பல் தெரிந்தது. பாவ்லொவ்னா என்றால் பாவெலின் மகள் என்றும் சொன்னார். எங்களுக்கும் தகப்பன் பெயர் பின்னால் வரும் என்றேன். இரண்டு தடவை பொலிஸ் கதவைத் தட்டியபோது, மாணவன், என்னிடம் தங்கிப் படிக்கிறான் என்று சொல்லி அனுப்பினார்.

நான் போகப் போகும் மச்சானின் மொன்ட்ரியால் விலாசத்தை அவரே வாங்கித் தன் சமையல் கொப்பியில் எழுதி வைத்தார். ஏஜென்சிக்காரன் ஒரு காலையில் திடீரென்று வந்தான். பத்து நிமிடத்தில் இறங்க வேண்டும், ஒருவருக்கும் சொல்லக் கூடாது. அவர் பள்ளிக்கூடம் போயிருந்தார். நான் கட்டிலை மடித்து வைத்துவிட்டு இறங்கினேன். ஸ்பசீபா என்று ஒரு சொல் எனக்குத் தெரியும், நன்றி என்று அர்த்தம். அதை ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கலாம். பிறந்தநாள் கதை எப்போதும் சூப்போடு முடிந்துவிடும், இந்தக் காலைக்கு வராது.

5

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நான் மேசையில் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பேச வேண்டியதையெல்லாம் தயார்பண்ணி வைத்திருந்தேன். உன் பெயரால்தான் உனக்கு வேலை கிடைக்கவில்லையா, உக்ரேன் சண்டை தொடங்கிய பிறகு ஆட்கள் நீ ரஷ்யப் பக்கமா என்று கேட்கிறார்களா, அதற்காகவா என்று. அவளே ஒரு தடவை அப்படி ஒரு கதை சொல்லியிருக்கிறாள். அந்தக் காரணம் என்றால் நான் மன்னிக்கவும் தயார்.

அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். கடிதத்தை உடைத்ததற்குக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. பையில் இருந்து ஒரு பழைய உறையை எடுத்து என் உறைக்குப் பக்கத்தில் வைத்தாள். மஞ்சளாகிப்போன உறை, ரஷ்ய முத்திரை.

அதை நானே அவளிடம் கொடுத்திருக்கிறேன். போன வருடம் என் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு வேலை செய்த இடங்கள், வந்த திகதி, அகதிக் கோரிக்கைப் பத்திரம் என்று நூறு கேள்வி கேட்டார்கள். எனக்குப் பிரெஞ்சு தலையும் விளங்காது காலும் விளங்காது. பழைய சூட்கேசை அப்படியே மகளிடம் கொடுத்து, பிள்ளை நீயே பார்த்து நிரப்பு என்றேன். அடியில் அந்த உறை கிடந்ததை மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். அது ரஷ்ய எழுத்துத்தானே என்று விட்டுவிட்டேன்.

என் புத்தியைப் பாருங்கள். சின்ன வயதில் கடைகளில் ரஷ்யப் பெண்கள் அவள் பெயரைக் கேட்டுவிட்டுத் தங்கள் மொழியில் கதைப்பார்கள், இவள் முழிப்பாள். அந்த வெட்கத்தில், என் பெயரின் மொழி எனக்குத் தெரிய வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ரஷ்ய மொழி படித்தாள். நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"நான் வாசிச்சிட்டன், அப்பா," என்றாள். "நீங்கள் வாசிச்சனீங்களோ?"

இல்லை, எனக்கு ரஷ்யன் தெரியாதுதானே என்றேன். அது ஒரு விதத்தில் உண்மை. அவள் உறையின் பின்பக்கத்தைத் திருப்பினாள். பென்சிலால் என் கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம்.

6

என் முதல் வேலையிடத்தில் பாத்திரம் கழுவும் பகுதியில் ஒரு உக்ரேனியப் பெண் வேலை செய்தாள். அந்தக் கடிதத்தை ஒரு சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் எனக்கு ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னாள். அப்போது நான் இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஸ்வெத்லானா பாவ்லொவ்னா எழுதியிருந்தது இவ்வளவுதான். நாங்கள் போன பிறகு, பதினொரு பேர் இருந்த அந்த எதிர் வீட்டுக் கதவைப் பொலிஸ் உடைத்திருக்கிறது. ஆள் கடத்தும் கூட்டத்துக்கு இவரும் உதவி, லாபத்துக்காக ஆட்களைத் தங்க வைத்தார் என்று யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணைக்கு ஒரு சாட்சி வேண்டும். நீ வருத்தமாக, காய்ச்சலும் இருமலுமாக என் வீட்டில் இருந்தாய், உன்னிடம் நான் எதுவும் வாங்கவில்லை, அந்தக் கூட்டத்தை எனக்குத் தெரியாது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்து அங்கே ஒரு அலுவலகத்தில் முத்திரை குத்தி அனுப்பு. கடைசியில், இப்போது இருமல் எப்படி என்று கேட்டிருந்தார்.

அப்போது என் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வரவில்லை. ஏஜென்சிக்காரன் சொல்லித்தந்த பாடத்தின்படி நான் மொஸ்கோவையே கண்டதில்லை. சிங்கப்பூர் வழியாக ஒரு கிழமையில் வந்தவன். அப்படித்தான் எழுதிச் சத்தியம் செய்திருந்தேன். இப்போது நான் அங்கே இருந்தேன் என்று முத்திரை குத்தின தாள் ஒன்று எழுதினால் அது சுற்றிச் சுழன்று யார் மேசைக்கு வரும்? வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் ஒன்றும் எழுத வேண்டாம் என்றார். பேந்து எழுதலாம் என்றார். நல்ல சொல் அது. விசாரணை முடியட்டும், பேந்து. நிரந்தர வதிவிடம் வரட்டும், பேந்து. யோகேஸ்வரியைக் கூப்பிட வேண்டும், பேந்து. பிரசாவுரிமை கிடைத்தபோது ஏழு வருடம் ஓடிவிட்டது. இடையில் மகள் பிறந்தாள். பெயரை வைத்தேன். வைத்த அன்று நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினது உண்மை. அதற்குப் பிறகு உறையை எடுத்துப் பார்க்கவே தோன்றவில்லை.

இதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. அவளே பத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதி பார்த்துக் கண்டுபிடித்திருந்தாள். அந்த விலாசத்துக்குத் தானே ஒரு கடிதம் போட்டிருக்கிறாள், திரும்பி வந்துவிட்டது. இப்போது அந்த நாட்டுக்குத் தபாலும் ஒழுங்காகப் போவதில்லை. அவர் இருந்தால் எழுபத்தைந்து தாண்டியிருக்கும்.

நான் பழைய பாட்டைப் பாடினேன். வேறு வழி இருந்ததா, திருப்பி அனுப்பியிருந்தால் என்னைக் கொன்றிருப்பார்கள், நீ பிறந்திருக்கவே மாட்டாய். அது பொய்யில்லை. அவள் தலையாட்டினாள். விசாரணை முடியும் வரைக்கும் எழுதாததை ஏற்றுக்கொள்கிறேன் என்றாள். அதற்குப் பிறகுள்ள வருடங்களைத்தான் கேட்டாள். பிறகு, மெதுவாக,

"நீங்கள் அவவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்க வேணும். எழுதேல்லை. அதுக்குப் பதிலா எனக்குப் பேர் வச்சிட்டீங்கள். ஒவ்வொரு பேர்த்டேக்கும் அந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் அழ வச்சீங்கள். நான் என்ன கடிதமோ, அப்பா?"

யோகேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். இரண்டு பேரும் எனக்கு எதிராகச் சேர்ந்துகொண்டார்கள் என்ற எரிச்சல் அப்போதும் போகவில்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி நான் அந்த இடத்தில் உடைந்து அழவில்லை. பெயரை மாற்றினால் இந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்றேன். அவள் எழும்பிச் சப்பாத்தைப் போட்டாள். தாய் கட்டிக் கொடுத்த கறியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

7

ஆட்சேபணை தெரிவிக்க நாட்கள் இருந்தன. எழுதுவது என்று முடிவு செய்தேன். தகப்பன் எழுதினால் அரசாங்கம் கேட்காதா என்ன? காரணத்தோடு எழுத வேண்டும் என்று இருந்தது. ஆங்கிலத்தில் எழுதலாம்.

சனிக்கிழமை மத்தியானம் மேசையில் தாளை வைத்து உட்கார்ந்தேன். என் மகளுக்கு இந்தப் பெயரை நான் வைத்ததற்கு முக்கியமான காரணம் உண்டு என்று தொடங்கினேன். அது ஒரு பெண்ணின் பெயர், அவர் என் உயிரைக் காப்பாற்றினார். இதுவரைக்கும் சரி. எங்கே காப்பாற்றினார்? அடுத்த வரியில் மொஸ்கோ என்று எழுத வேண்டும். எந்த மாதம், எத்தனை கிழமை என்று எழுத வேண்டும். கீழே கையொப்பம் வைக்க வேண்டும். சிங்கப்பூர் வழியாக ஒரு கிழமையில் வந்தவனின் அதே கையொப்பம்.

பேனை நின்றுவிட்டது. முப்பது வருடம் கழித்துப் பெயர் மாற்றுகிற அலுவலகத்துக்கும் குடிவரவுக்கும் என்ன சம்பந்தம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. மொஸ்கோவை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன். ஒரு வெளிநாட்டில், ஒரு காலத்தில், ஒரு பெண் என்று. வாசித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டு சனிக்கிழமை அப்படிப் போனது. யோகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், தாளைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்.

"பிள்ளையின்ரை பேருக்காகவும் எழுத ஏலாதோ உங்களாலை?"

கடைசித் திகதி ஒரு செவ்வாய்க்கிழமை. நான் குளிர் அறையில் பாரிசுக்குப் போகிற விமானத்துக்குத் தட்டுகள் அடுக்கிக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரிந்தது. இனி என் மகள் சுகந்தி.

அவள் தாயோடு தினமும் போனில் கதைக்கிறாள். இருவரும் எனக்குச் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவு சுலபமாக ஆறுகிற மனம் இல்லை எனக்கு. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்த இரண்டு சனிக்கிழமையும் என்னை யாரும் தடுக்கவில்லை, ஏஜென்சிக்காரன் இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை. அதையும் மறக்க முடியவில்லை.

இதை உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். இந்த நாட்டில் அதிகாரம் உள்ள ஒருவரும் இதை வாசிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன், அதை ஒளிக்கவில்லை. இத்தனை பக்கம் எழுதிய பிறகு, அந்தத் தாளில் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதிப் பார்த்தேன்.

என் பெயர் சிவபாலன். நான் கடும் வருத்தமாக ஐந்து கிழமை ஸ்வெத்லானா பாவ்லொவ்னாவின் வீட்டில் இருந்தேன். அவர் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. எங்களைக் கொண்டுவந்த கூட்டத்தை அவருக்குத் தெரியாது.

எழுதி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.